மூலப்பத்திரம் எங்கே?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'இயங்குதள மேம்பாடும் மென்பொருள் உரிமங்களும்' என்று தலைப்பைப் போட்டுவிட்டார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால், பாதிப் பேருடைய கணினியாவது இப்போது மக்கர் செய்துகொண்டிருக்க வேண்டும். மீதிப் பேர் தேநீருக்கு வந்திருக்கலாம். அவர்களுக்கும் நல்வரவு.

நான் ஏமாந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன்பு பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் மூன்று வருடம் உழைத்துவிட்டு வெளியே வந்த இயந்திரம். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். "ஒரிஜினல் விண்டோஸ் சார், ஆக்டிவேட் ஆகியிருக்கு, நீங்களே பாருங்க" என்று கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஆகித்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு காலை, திரையின் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி முளைத்தது: விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும். தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "நடுவுல ஏதாவது அப்டேட் போட்டீங்களா சார்?" என்று என் மேலேயே பழியைப் போட்டார். கடையின் பெயர் நமக்கு வேண்டாம். அவருக்கே விஷயம் தெரியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஏன் சரியாக ஆறு மாதம்? பெரிய நிறுவனங்கள் விண்டோஸை மொத்த உரிமமாக வாங்குகின்றன. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி எண் கிடையாது. அலுவலகத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும். அங்கிருக்கும் கணினிகள் அதனிடம் அவ்வப்போது போய் 'நான் உங்கள் ஆள்தான்' என்று சொல்லி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு முத்திரைக்கு ஆயுள் 180 நாள். என் மடிக்கணினி கடைசியாக வாங்கிய முத்திரையோடு என் வீட்டுக்கு வந்து, முதலாளியைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, 180 நாள் முடிந்ததும் கையை விரித்துவிட்டது. அந்த உரிமம் ஒருநாளும் அந்த இயந்திரத்துக்குச் சொந்தமாக இருந்ததில்லை. நிறுவனத்துக்குச் சொந்தம். நான் வாங்கியது இரும்பும் பிளாஸ்டிக்கும் மட்டுமே.

வீடு வாங்கப் போகிறோம். விற்பவர் கையில் இருக்கும் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்போமா? மூலப்பத்திரம் எங்கே என்று கேட்போம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். அவருக்கு எப்படி வந்தது, அதற்கு முன்பு யாரிடம் இருந்தது என்று நூல் பிடித்துப் பின்னால் போவோம். மென்பொருள் மேம்பாட்டிலும் இதே கதைதான். புதிய உரிமம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் புதிதே அல்ல. பழைய உரிமத்தின் மேல் கட்டிய மாடி. அடித்தளம் யாருடையது என்று தெரியாமல் மாடியில் குடியேறுகிறோம்.

ஒரு காலத்தில் விண்டோஸ் தன் வாயாலேயே மூலப்பத்திரம் கேட்டது. 95, 98 பதிப்புகளின் மேம்பாட்டுத் தட்டு, முழுத் தட்டைவிட விலை குறைவு. காலியான கணினியில் அதைப் போட்டால் பாதி வழியில் நின்றுகொள்ளும்: உன்னிடம் பழைய விண்டோஸ் இருக்கிறதா, அதன் தட்டைச் செருகிக் காட்டு. 3.1-இன் பிளாப்பியைச் செருகினால் மோந்து பார்த்துவிட்டு மேலே போகும். அந்தப் பிளாப்பி யாருடையது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. கையெழுத்து சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிற கிராம முன்சீப் மாதிரி. அந்த வெள்ளந்திக் காலம் 2001 அக்டோபரில் எக்ஸ்.பி. வந்தபோது முடிந்தது. அதன் பிறகு, நிறுவிய 30 நாளுக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிந்துகொள்ள வேண்டும். கணினியின் உறுப்புகளைக் கூட்டிப் பெருக்கி ஓர் அடையாளம் உண்டாக்கி, அதை மைக்ரோசாஃப்ட் தன் பேரேட்டில் எழுதிக்கொண்டது. பத்திரம் நம் பெட்டியிலிருந்து பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. நம் கையில் இருப்பது வெறும் நகல்.

இந்தப் பேரேட்டில் உங்கள் உரிமம் எதனோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த ஒரே விஷயம். இயந்திரத்தோடா, ஆளோடா, நிறுவனத்தோடா? விலை, பதிப்பு, வருடம் எல்லாம் அப்புறம்.

கடையில் வாங்கும் மடிக்கணினியோடு வருவது ஓ.இ.எம். உரிமம். வண்டியின் ஆர்.சி. புத்தகம் போன்றது. வண்டியை விற்றால் கூடவே போகும். அதைக் கிழித்து எடுத்து வேறு வண்டியில் ஒட்ட முடியாது. விண்டோஸ் 7 வரை இதற்கு அடையாளம், மடிக்கணினியின் அடிவயிற்றில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்த 25 எழுத்து எண். மடியில் வைத்து வைத்து அந்த எழுத்து தேய்ந்து போனவர்கள் இங்கே எத்தனை பேர்? விண்டோஸ் 8-லிருந்து அந்த எண்ணை மதர்போர்டின் உள்ளேயே எழுதிவிட்டார்கள். ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும், ஃபார்மேட் போட்டாலும் அது அங்கேயே இருக்கும். வண்டிக்குச் சேசிஸ் எண் எப்படியோ, அப்படி. தனிப் பெட்டியில் காசு கொடுத்து வாங்கிய ரீடெயில் உரிமம் வேறு ஜாதி. பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு உங்களுடைய இன்னொரு கணினிக்கு எடுத்துப் போகலாம். மூன்றாவது, என்னை ஏமாற்றிய மொத்த உரிமம்.

இனி 2015-க்கு வருவோம். ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. 7-ம் 8.1-ம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருடத்துக்கு இலவசம் என்றார்கள். இலவசம் என்றதும் ஆளாளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொண்டோம். பலர் 'பத்தாம் பதிப்பு ஒன்று பரிசாகக் கிடைத்தது' என்று நினைத்தார்கள். கிடைத்தது பரிசு அல்ல, மாற்றுச் சீட்டு. இருந்த உரிமத்தைக் கொடுத்து, அதே குணமுள்ள புது உரிமம் வாங்கிக்கொண்டீர்கள். ஓ.இ.எம். மேல் போட்ட மேம்பாடு ஓ.இ.எம். ஆகவே இருக்கும். தனியாக வாங்கியதன் மேல் போட்டது மட்டும் அந்த இடம் மாறும் சலுகையைத் தக்கவைத்துக்கொள்ளும். ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது: தனித்து வாங்கியதிலிருந்து மேம்படுத்தியிருந்தாலும் வேறு கணினிக்கு மாற்றலாம் என்று. யார் படித்தார்கள்? நானே இந்தக் கூட்டத்துக்காகத்தான் முழுசாகப் படித்தேன்.

பதிப்பும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. ஏழில் இருந்த ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் மூன்றும் பத்தில் ஹோம் ஆயின. புரொஃபஷனலும் அல்டிமேட்டும் புரோ ஆயின. மொத்த உரிமத்தில் வரும் என்டர்பிரைஸ் பதிப்புக்கு இந்தச் சலுகையே கிடையாது. அதற்கு வேறு கணக்கு. அல்டிமேட்டுக்கு அதிக விலை கொடுத்தவர்கள் புரொஃபஷனல்காரர்களோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டியதாயிற்று. கடைசி வரிசையில் இருந்த ஸ்டார்ட்டருக்கோ பதவி உயர்வு.

இந்த ஸ்டார்ட்டர் நம்மில் பலருக்குச் சொந்தக்காரர். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் கொடுத்த கணினிகளில், ஒரு பக்கம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மறு பக்கம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் இருந்தன. ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் குடும்பத்தின் ஏழைச் சித்தப்பா. 32-பிட் மட்டும்தான். 2 ஜி.பி.க்கு மேல் ராம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. பிள்ளைகள் அந்தப் படத்தை மாற்ற எத்தனை குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்தார்கள் என்று தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். அந்தக் கணினியை 2015-இல் மேம்படுத்திய மாணவருக்கு விண்டோஸ் 10 ஹோம் கிடைத்தது. படத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை நான்கு வருடம் கழித்து வந்து சேர்ந்தது.

ஆனால் ஒன்று. அங்கே இருந்தது 32-பிட். 64-பிட்டுக்குப் போக வேண்டுமானால் மேலேயே ஏற்ற முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். உரிமத்துக்கு இதில் ஆட்சேபணை இல்லை; ஒரே உரிமம் இரண்டுக்கும் செல்லும். ஆட்சேபணை உள்ளே இருக்கும் மற்ற மென்பொருள்களுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிதாகப் போட நினைத்தவர்கள் முதல் சில மாதங்களில் ஒரு வலையில் மாட்டினார்கள். 2015 ஜூலை முதல் நவம்பர் வரை, முதலில் பழைய விண்டோஸின் மேலேயே பத்தை ஏற்ற வேண்டும். அப்போதுதான் பேரேட்டில் உங்கள் இயந்திரத்துக்கு ஒரு வரி எழுதப்படும். அதன் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துப் போடலாம், எண்ணே கேட்காது. அவசரப்பட்டு முதலிலேயே அழித்துவிட்டவர்கள் பழைய எண்ணைப் போட்டுப் பார்த்தால் 'செல்லாது' என்றது. நவம்பரில் வந்த பதிப்பில்தான் 7, 8 எண்களை நேரடியாக ஏற்றுக்கொண்டார்கள். 2016 ஜூலை 29-உடன் சலுகை முடிந்தது என்று அறிவித்தாலும் கதவை முழுக்கச் சாத்தவில்லை. அந்த எண்கள் வருடக்கணக்காக வேலை செய்தன. 2023 செப்டம்பரில்தான் தாழ் போட்டார்கள். ஏழு வருடம் திறந்து கிடந்த கதவு சட்டப்படி திறந்ததா, தவறுதலாகத் திறந்ததா என்று யாரும் விளக்கவில்லை. நம்மூர்க் காவல்காரர் சிலர் கல்யாண வீட்டில் நின்றுகொண்டே தூங்குவார்கள் இல்லையா, அப்படி.

இப்போது ஒரு வேடிக்கை. மேம்படுத்திய கணினியில் 'என் எண் என்ன' என்று கண்டுபிடித்துத் தரும் சிறு மென்பொருள்கள் நிறைய உண்டு. அதை ஓட்டி, வரும் எண்ணை டைரியில் எழுதிவைத்து, பீரோவில் பூட்டியவர்களை நான் அறிவேன். ஒரு நாள் நண்பர் ஒருவரின் டைரி எண்ணையும் என் எண்ணையும் ஒப்பிட்டோம். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அவர் என்னைத் திருடன் மாதிரி பார்த்தார். விஷயம் இதுதான்: இலவசமாக மேம்படுத்திய எல்லா ஹோம் கணினிகளுக்கும் ஒரே பொது எண், எல்லாப் புரோவுக்கும் இன்னொரு பொது எண். உரிமம் அந்த எண்ணில் இல்லை. பேரேட்டில், உங்கள் மதர்போர்டின் பெயருக்கு எதிரே இருக்கிறது. டிஜிட்டல் லைசென்ஸ் என்பது இதுதான். நீங்கள் பூட்டி வைத்திருப்பது ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு போன் நம்பர்.

அப்படியானால் மதர்போர்டு எரிந்துபோனால்? பேரேட்டில் இருக்கும் அடையாளமும் எரிந்தது. இதற்கு 2016 ஆகஸ்ட் பதிப்பில் ஒரு வழி திறந்தார்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அந்த உரிமத்தை முன்பே இணைத்திருந்தால், 'அண்மையில் உறுப்பை மாற்றினேன்' என்று சொல்லி மீட்டுக்கொள்ளலாம். இயந்திரத்தோடு போட்ட முடிச்சுக்கு ஆளோடும் ஒரு துணை முடிச்சு. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், டிஜிட்டல் லைசென்ஸ் என்று மட்டும் இருக்கிறதா, உங்கள் கணக்கோடு இணைந்தது என்றும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். இணைப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். எரிந்த பிறகு இணைக்க முடியாது. எந்தக் கணக்கோடு இணைத்தோம் என்பதும் முக்கியம். ஓ.எஸ். போட வந்த பையன் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டுப் போயிருந்தால், உரிமம் அவன் பெயரில்.

விண்டோஸ் கதை இத்தனை விவரமாகச் சொன்னேன், ஏனென்றால் அதுதான் எளிது. மேலே ஓடும் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஊராட்சி.

மேம்படுத்தும்போது 'கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்று தேர்ந்தெடுத்தால், பெரும்பாலான உரிமங்கள் கூடவே வந்துவிடும். எல்லாம் வராது. சில மென்பொருள்கள் கணினியின் அடையாளத்தைத் தங்கள் போக்கில் அளந்து வைத்திருக்கும். மேம்பாட்டில் அந்த அளவு மாறினால், 'இது வேறு கணினி' என்று முடிவு கட்டிவிடும். அதனால்தான் அடோபியின் பழைய பெட்டி மென்பொருள்களில் 'டீ-ஆக்டிவேட்' செய்துவிட்டு மேம்படுத்தச் சொல்வார்கள். இரண்டு கணினிக்கு மட்டுமே அனுமதி. விடைபெறாமல் அழித்த ஒவ்வொரு முறையும், இல்லாத ஒரு கணினி கணக்கில் உயிரோடு உட்கார்ந்திருக்கும். செத்தவர் பெயரில் ரேஷன் கார்டு இருப்பது போல.

நம் கடைகளுக்கு நெருக்கமானது டேலி கணக்கு மென்பொருள். அதன் உரிமம் நிரந்தரம். வருடச் சந்தா என்பது புதுப் பதிப்புகளும் சேவைகளும் பெறுவதற்கு. சந்தா செல்லுபடியாக இருந்தால்தான் ஈ.ஆர்.பி. 9-லிருந்து பிரைமுக்கு ஏற முடியும். இல்லாவிட்டால் இருப்பதில் இருந்துகொள்ளலாம். இது தெரியாமல் பல வியாபாரிகள் சந்தா முடிந்தால் மென்பொருளே நின்றுவிடும் என்று பயந்து வாழ்கிறார்கள். கணினியை மாற்றுமுன்னோ ஃபார்மேட் போடுமுன்னோ உள்ளே போய் உரிமத்தைச் 'சரண்டர்' செய்ய வேண்டும். புதிதில் மறுபடி பெற்றுக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால் மென்பொருள் கல்விப் பயன்முறையில் திறக்கும். டேலி வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கு அதன் லட்சணம் தெரியும்: மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும் கணக்கு எழுதலாம். ஜி.எஸ்.டி. தாக்கல் நெருங்கும்போது கடையில் 15-ஆம் தேதி பில்லை எங்கே எழுதுவது? மீட்பதற்கு வரிசை எண்ணும் நிர்வாகி மின்னஞ்சலும் வேண்டும். அங்கேதான் குடுமி சிக்கும். அந்த மின்னஞ்சலைப் பத்து வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளை உருவாக்கியிருப்பார். முதலாளிக்குப் பணம் கட்டிய ரசீது இருக்கும், பூட்டுக்குச் சாவி இருக்காது.

ஆபீஸ் மென்பொருளில் நடந்த ஒரு தகராறையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் 2013 பெட்டியை வாங்கினால், முதலில் போட்ட கணினியோடு அதன் வாழ்வு முடிந்தது, கணினி செத்தால் ஆபீஸும் உடன்கட்டை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். ரீடெயில் விலை வாங்கிக்கொண்டு ஓ.இ.எம். விலங்கு மாட்டியது அது. 2013 பிப்ரவரியில் இது வெளிச்சத்துக்கு வந்து கூச்சல் எழுந்தது. மார்ச் முதல் வாரத்திலேயே பின்வாங்கி, 90 நாளுக்கு ஒரு முறை வேறு கணினிக்கு மாற்றலாம் என்று திருத்தினார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சில உதாரணங்களில் இது ஒன்று.

இனி, மிகச் சங்கடமான வகை. உரிமம் உயிரோடு இருக்கும்; மென்பொருள் செத்திருக்கும்.

நம்மூர் டி.டி.பி. கூடங்களில் ஓடிய இந்திய மொழி மென்பொருள்கள் பல, டாங்கிள் என்கிற பூட்டோடு வந்தன. பிரிண்டர் சொருகும் துளையில் தீப்பெட்டி அளவில் ஒன்றைச் சொருக வேண்டும். அது இருந்தால் தமிழ் வரும், இல்லாவிட்டால் வராது. எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் அந்தத் தீப்பெட்டியைத் தினமும் சாயங்காலம் கழற்றி, கல்லாப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். அவ்வளவு விலை. பிறகு என்ன ஆயிற்று? முதலில் கணினிகளில் அந்தத் துளையே இல்லாமல் போனது. யு.எஸ்.பி. டாங்கிள் வாங்கினார்கள். அடுத்து 64-பிட் விண்டோஸ் வந்தது. டாங்கிளோடு பேசும் டிரைவர் 32-பிட்டில் எழுதியது. 64-பிட் விண்டோஸ் அதைத் தன் கருவறைக்குள் விடாது, கையொப்பமிட்ட தன் வகை டிரைவர் வேண்டும் என்னும். உரிமம் சட்டப்படி செல்லும். கையிலும் இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம். கணினிக்கு மட்டும் அதைக் காட்ட முடியாது. அந்த அச்சகத்தில் இன்றும் மூலையில் ஓர் எக்ஸ்.பி. இயந்திரம் ஓடுகிறது, இணையம் கிடையாது, மேலே ஒரு துண்டு போர்த்தியிருக்கும். பழைய பஞ்சாங்கமும் கல்யாணப் பத்திரிகைகளும் அதில்தான் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிர், அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர். 2001-இல் வந்த 7.0-தான் கடைசி. அதில் வரிசை எண் மட்டும். இணையத்தில் பதிய வேண்டியதில்லை. யாரையும் கேட்காமல் திறக்கும். அதே அடோபி 2005-இல் வெளியிட்ட சி.எஸ்.2 தொகுப்பு இணையத்தில் அனுமதி கேட்டுத் திறந்தது. 2012 டிசம்பரில் அந்த அனுமதி தரும் சர்வரை நிறுத்தினார்கள். புதிய விண்டோஸில் மறுபடி நிறுவ முயன்றால் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் 2013 ஜனவரியில், பதிவு தேவையில்லாத பிரதிகளை எண்ணோடு தளத்தில் வைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களுக்காக வைத்தது. ஊரே இலவசம் என்று நினைத்து அள்ளிக்கொண்டு போனது வேறு கதை. எந்த மென்பொருள் உங்களை நம்பியதோ அது நெடுநாள் வாழ்கிறது. சந்தேகப்பட்டது, சந்தேகம் கேட்க ஆளில்லாத நாளில் நின்றுவிடுகிறது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா, 32-பிட் மென்பொருளை அடியோடு நிறுத்தியது. ஆபீஸ் 2011, சி.எஸ்.6 எல்லாம் ஒரே இரவில் அலங்காரப் பொருள்கள். மேம்பாடு இலவசம், அதன் பிறகு வாங்க வேண்டியவை இலவசம் அல்ல. லினக்ஸ்காரர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், பார்க்கிறேன். உங்களுக்கு முடிச்சே கிடையாது, எத்தனை கணினியிலும் போடலாம். பிரிண்டர் டிரைவர் பற்றி உங்களிடம் இன்னொரு நாள் பேசுவோம்.

இதெல்லாம் நியாயமா? பழையதை மேம்படுத்திய பிறகு, பழைய உரிமம் என் சொத்தா இல்லையா? இந்தக் கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் ஏறியது. ஒரு கட்டடக் கலை நிறுவனம் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் 14-ஆம் பதிப்பு பத்து வைத்திருந்தது. ஆட்டோகேட் 2000 வந்தபோது மேம்படுத்தியது. புதிதாக வாங்கினால் ஒன்றுக்கு 3,750 டாலர். மேம்பாட்டு விலை 495. குறைந்த விலைக்கு ஒரு நிபந்தனை: பழைய தட்டுகளை அழித்துவிட வேண்டும். நிறுவனம் அழிக்கவில்லை. 2007-இல் அவற்றில் நான்கைத் திமோத்தி வெர்னர் என்பவருக்கு விற்றது. அவர் இபேயில் பழைய பொருள்களை வாங்கி விற்று வாழ்பவர். அவர் அதை ஏலத்துக்கு வைக்க, ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் தடுத்தது. வெர்னர் வழக்குப் போட்டார். பழைய புத்தகக் கடையில் புத்தகம் விற்பது போலத்தானே இது என்றார். சியாட்டிலில் இருந்த மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2010 செப்டம்பரில் ஒன்பதாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: அந்தக் கட்டடக் கலை நிறுவனம் தட்டுக்கு உரிமையாளராக ஒருநாளும் இருந்ததில்லை, பயன்படுத்த அனுமதி பெற்றவர் மட்டுமே; தன்னிடம் இல்லாததை வெர்னருக்கு எப்படி விற்க முடியும்? 2011-இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது.

என் மனம் வெர்னர் பக்கம். பழைய பேப்பர் கடைக்காரரிடம் வழக்காடும் நிறுவனத்தை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அந்த 495 டாலரை நினைக்கும்போது கொஞ்சம் தயங்குகிறேன். எக்ஸ்சேஞ்சில் பழைய மிக்சியைக் கொடுத்துவிட்டுப் புது மிக்சி வாங்கியவர், பழைய மிக்சியையும் வீட்டுக்கு எடுத்துப் போய் விற்றால் கடைக்காரர் சும்மா இருப்பாரா? எனக்கு வருத்தம் அந்த நிபந்தனையில் இல்லை, நீதிமன்றம் சொன்ன காரணத்தில்தான். முழு விலை கொடுத்து வாங்கி, எதையும் மாற்றாத ஆளையும் அதே காரணம் சொல்லி உரிமையாளர் அல்ல என்று தள்ளிவிடலாம்.

ஐரோப்பா வேறு பாதையில் போனது. 2000-லேயே ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், கணினியோடு சேர்த்தே விற்க வேண்டும் என்ற ஓ.இ.எம். கட்டுப்பாடு அதற்கு ஒப்புக்கொள்ளாத மறுவிற்பனையாளரைக் கட்டாது என்றது. 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் வழக்கில், காலவரையற்ற உரிமத்தை விலைக்குக் கொடுத்தால் அது விற்பனைதான், வாங்கியவர் மறுபடி விற்கலாம், ஆனால் தன்னிடம் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் வரிக்காக ஒரு தீர்ப்பு உண்டு: 2004-இல், தட்டில் வரும் மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி கட்டு என்றது நம் உச்ச நீதிமன்றம். வரி வாங்கும்போது சரக்கு. திருப்பி விற்கப் போனால் வெறும் அனுமதி என்பார் கம்பெனிக்காரர். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஒரு சிறு ஆறுதல் இருக்கிறது: முறையாக வைத்திருப்பவர், எதற்காக வாங்கினாரோ அதற்குப் பயன்படுத்தவும், தொலைந்து போகாமல் இருக்கக் காப்புக்காகவும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பழைய நிறுவல் தட்டைப் பென்டிரைவில் ஏற்றி வைப்பதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. 11-க்கு மேம்பாடு இலவசம். உரிமம் அப்படியே வரும். ஹோம் ஹோமாக, புரோ புரோவாக. இந்த முறை மூலப்பத்திரம் கேட்கவில்லை. வீட்டையே அளந்து பார்க்கிறார்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லு வேண்டும். பத்திரம் சுத்தம், வில்லங்கம் இல்லை, ஆனால் வாசல் அகலம் போதாது என்கிறார்கள். குறுக்கு வழியில் ஏற்றிவிட்டால் உரிமம் ஏற்றுக்கொள்கிறது, ஆக்டிவேட்டும் ஆகிறது. ஆனால் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. பத்திலேயே இருக்க விரும்புபவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்பு: 30 டாலர், அல்லது கணினி அமைப்புகளை அவர்கள் கிளவுடில் சேமித்தால் காசில்லாமல். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். ஒரே கணக்கில் பத்து கணினிகள் வரை. பாருங்கள், முடிச்சு மறுபடி இயந்திரத்திலிருந்து ஆளுக்கு நகர்ந்துவிட்டது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல், பல பேர் கேட்டதால். விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டதும் லதா எழுத்துரு காணாமல் போய், பழைய வேர்டு கோப்புகள் வேறு முகத்தோடு திறந்தால் பயப்பட வேண்டாம். லதாவையும் விஜயாவையும் விருப்ப வசதிகளில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் உரிமத்துக்குள் அடங்கியதுதான், சேர்த்துக்கொள்ளக் காசு கிடையாது. ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் வேலை வேண்டாம்.

பின்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் அங்கே வாருங்கள், உங்கள் உரிமம் ஓ.இ.எம்.-ஆ, ரீடெயிலா, மொத்த உரிமமா என்று பார்த்துச் சொல்ல இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அடியில் ஸ்டிக்கர் இருந்தால் எழுத்து தேயுமுன் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம். போன கூட்டத்தில் மூன்று பேர் பேட்டரி தீர்ந்த கணினியோடு வந்து, பிள்ளைகள் கணினியைப் பார்ப்பதைவிட பிளக் பாயின்ட் தேடியதுதான் அதிகம்.